மறு: வான் கோவைப் பார்த்து வரைய மறுக்கும் பிள்ளைகள்

வணக்கம் ரீச்சர். களுவாஞ்சிக்குடியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஓவியர் வான் கோவின் ‘விண்மீன் இரவு’ படத்தைக் காட்டி வரையச் சொன்னதாகவும், பாதிப் பேர் “எனக்கு வராது” என்று தாளைக் கசக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் படம் கண்முன்னே இருந்தால் நானும் கசக்கித்தான் இருப்பேன்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீசுக்கு மாறிப் பாருங்கள். 1941இல் வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்த பிறகு அவரால் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் நேரடியாக வெட்டினார். துண்டுகளைச் சுவரில் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். 1953இல் செய்த ‘நத்தை’ என்ற படம் அப்படி வந்ததுதான். ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 3 மீற்றர்.

உங்கள் பிள்ளைகளும் அப்படியே வெட்டி ஒட்டட்டும். முதலில் அவர்களிடமிருந்து பென்சிலை வாங்கி வைத்துவிடுங்கள். கோடு போட்டால் அழிறப்பர் வரும், அழிறப்பர் வந்தால் அழுகை வரும். தலைப்பு பாடும் மீன். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் அது பாடும் என்பார்கள், எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிழை சொல்ல ஆளில்லை.

பழைய கொப்பித் தாளுக்கு முதல் நாளே நிறம் பூசிக் காயவிடுங்கள். ஒரே நாளில் எல்லாம் செய்யப்போய் என் மேசை இரண்டு கிழமை நீலமாக இருந்தது. ஒட்டக் கோதுமை மாப் பசை போதும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மறுநாள் புளித்துவிடும். கீழே விழும் துண்டுகளைக் கூட்டித் தள்ளாதீர்கள், கண்டல் இலையும் வாவித் தண்ணீரும் அதில்தான் கிடைக்கும்.

சரி, கத்தரிக்கோல் எத்தனை இருக்கிறது?