பெருவில் மூன்று வாரம்: முதலில் உயரத்தைப் பாருங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம்

தென் அமெரிக்காவுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் பெருவின் தென்பகுதியைப் பற்றித்தான். லிமா, அரெகிப்பா, டிட்டிகாக்கா ஏரி, குஸ்கோ, இன்கா மக்களின் பழைய கல் நகரமான மச்சு பிச்சு என்று போகும் அந்தப் பாதை. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மூன்று வார விடுப்பு கிடைத்திருக்கிறது. பெரு, பொலிவியா, சிலி, பிரேசில் நான்கையும் முடித்துவிட நினைக்கிறோம். திட்டத்தை இணைத்திருக்கிறேன். சரியாக வருமா?

வராது. உங்கள் திட்டத்தில் ஏறக்குறைய ஒருநாள் விட்டு ஒருநாள் விமான நிலையத்தில் இருக்கிறீர்கள். சென்னையிலிருந்து லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா வழியாகவோ, வளைகுடாவில் மாறி சாவோ பாவ்லோ வழியாகவோ போக ஒன்றரை நாள் ஆகும். லிமாவின் நேரம் நமக்குப் பத்தரை மணி பின்னால். அதனால் இறங்கிய முதல் இரண்டு நாள் தலை நம் வசம் இருக்காது. போக வர ஆகும் நாள்களைக் கழித்தால் கையில் நிற்பது பதினேழு, பதினெட்டு நாள். அது தென் பெருவுக்கே அளவாகத்தான் இருக்கும்.

என்னிடம் கேட்டால், ஊர்ப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வோர் ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் உயரத்தை எழுதச் சொல்வேன். லிமா கடலோரம். அரெகிப்பா 2,335 மீட்டர், ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். கோல்கா பள்ளத்தாக்கின் சிவாய் 3,600-க்கு மேல். டிட்டிகாக்கா கரையில் உள்ள பூனோ 3,800-க்கு மேல். குஸ்கோ 3,400. மச்சு பிச்சு 2,430 தான். மச்சு பிச்சுதான் உச்சி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே போவது குஸ்கோவிலிருந்து கீழே இறங்குவது. இப்படி எழுதிப் பார்த்தால் பாதை தானாகவே தெரிந்துவிடும். லிமாவில் இரண்டு இரவு. பிறகு கடலோரமாகத் தெற்கே பராகாஸ். படகில் பாய்யெஸ்தாஸ் தீவுகளுக்குப் போனால் ஹம்போல்ட் பெங்குவினும் கடல்சிங்கமும் பார்க்கலாம். அடுத்து, பாலைவனத் தரையில் பழங்காலத்தில் கீறிய பெரிய கோட்டோவியங்கள் உள்ள நாஸ்கா. அங்கிருந்து இரவுப் பேருந்தில் அரெகிப்பா. அங்கே நான்கு இரவு தங்குங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகுவது அங்கேதான். ஊரும் அதற்குத் தகுதியானது. வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டிய தெருக்கள், 1579-இல் தொடங்கிய சாந்தா கத்தலினா மடம், தெருமுனையில் நின்றாலே தெரியும் மிஸ்தி எரிமலை. பிறகு கோல்காவில் இரண்டு இரவு, பூனோவில் இரண்டு இரவு, மீதி முழுவதும் குஸ்கோவுக்கும் அதன் பள்ளத்தாக்குக்கும்.

பொலிவியாவின் உப்புப் பாலைவனத்தை விட மனமில்லை என்றால் கோல்காவையும் கடலோரத்தையும் வெட்ட வேண்டும். நான் வெட்ட மாட்டேன்.

கேள்வி: எனக்கு 63 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பேருந்துப் பயணம் வேண்டாம் என்று பிள்ளைகள் லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானம் போட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம் அம்மா, முதல் மூன்று இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டருக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் நேராகக் காரில் உருபம்பா அல்லது ஒயாந்தாய்தம்போவுக்குப் போய்விடுங்கள். இரண்டும் குஸ்கோவை அடுத்த பள்ளத்தாக்கில், 2,800 மீட்டரை ஒட்டியவை. வண்டியில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள், மேடு ஏறும்போது தலையணை போல உப்பிக்கொண்டு நிற்கும், பள்ளத்தாக்கில் இறங்க இறங்கச் சுருங்கும். பள்ளத்தாக்கையும் மச்சு பிச்சுவையும் முடித்துவிட்டு, கடைசியில் குஸ்கோவில் தங்குங்கள்.

முதல் நாள் தலைவலி, பசியின்மை, தூக்கம் கெடுவது எல்லாம் பலருக்கும் வரும். வயிற்றை நிரப்பாமல் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மாடிப்படியை மெதுவாக ஏறுங்கள். அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் அது சிறுநீரை அதிகமாக்கும், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்குச் சிக்கல், உங்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு சேருமா என்றும் பார்க்க வேண்டும். அதனால் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வானவில் மலை என்று படம் காட்டி விற்கிறார்களே, அது 5,000 மீட்டர். அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் போக முடியும். மே மாதம் எப்படி?

அருமை. மலைப்பகுதியில் மழை நவம்பர் முதல் மார்ச் வரை. மே வந்தால் வானம் தெளிந்துவிடும், மலை இன்னும் பச்சையாக இருக்கும், ஜூன், ஜூலை கூட்டமும் வந்திருக்காது. ஜூன் 24 அன்று சூரியனுக்கு எடுக்கும் ‘இந்தி ராய்மி’ விழாவுக்குக் குஸ்கோவில் அறை கிடைப்பதே பாடு. ஜூலை 28, 29 நாட்டின் சுதந்திர நாள் விடுமுறை, அப்போது பேருந்துக் கட்டணமும் ஏறும். பகலில் வெயில் சுடும், இரவில் பூனோ பக்கம் உறைநிலையைத் தொடும். சிறிய விடுதிகள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது, கூடுதல் கம்பளி கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா தேவையா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும்படி கையில் இருந்தால், அல்லது அங்கே வசிக்கும் உரிமை இருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா வேண்டாம். இல்லாவிட்டால் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெருவைவிட வழியில் இருக்கும் நாடுதான் பலரை மாட்டிவிடுகிறது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பாவில் சில நாடுகளும் டிரான்சிட் விசா கேட்கும். மலிவான டிக்கெட்டைப் பார்த்து ஆசைப்படும் முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: அமேசான் காட்டுப் பக்கமே நாங்கள் போகவில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமா?

போட்டுக்கொள்ளுங்கள். இது உங்களைப் பெருவுக்குள் விடுவதற்காக இல்லை, திரும்பி நம் ஊருக்குள் விடுவதற்காக. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் பெரு இருக்கிறது. நீங்கள் போனது காடா, மலையா என்று யாரும் கேட்பதில்லை. அந்த நாட்டை விட்டுக் கிளம்பி 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், மீதி நாளுக்குத் தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சாவோ பாவ்லோ வழியாக வந்தாலும் இதே கதைதான், பிரேசிலும் அதே பட்டியலில்.

ஊசியை அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு நிலவரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைக் கடந்தவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும்.

கேள்வி: மச்சு பிச்சு டிக்கெட் எடுக்கப் போனால் ஏகப்பட்ட சர்க்யூட் காட்டுகிறது. எதை எடுப்பது? அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

சர்க்யூட் என்றால் உள்ளே நடக்க வேண்டிய சுற்று. 2024 முதல் மூன்று சர்க்யூட், அவற்றுக்குள் பத்துப் பாதைகள் என்று பிரித்துவிட்டார்கள். ஒன்றில் நுழைந்தவர் இன்னொன்றுக்குத் தாவ முடியாது, வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். முதல் சர்க்யூட் மேல் அடுக்குகளோடு நின்றுவிடும். நாம் எல்லாரும் பார்த்த அந்தப் படம் எடுக்கும் இடம் கிடைக்கும், நகருக்குள் நடக்க முடியாது. மூன்றாவது கீழ்ப்பகுதி, உவைனா பிச்சு சிகரம் ஏறுகிறவர்களுக்கானதும் இதில்தான் வரும். இரண்டாவதில் மேலிருந்து முழுக் காட்சியும் கிடைக்கும், நகருக்குள்ளும் நடக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு என்றுதான் சொல்வேன். அதனால்தான் அது முதலில் தீர்ந்துபோகிறது. தேதி முடிவானதும் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் இதை எடுத்துவிட்டு, அப்புறம் ரயில், அப்புறம் அறை. இந்த வரிசையை மாற்றினால் ரயில் டிக்கெட் இருக்கும், நுழைவு இருக்காது.

மலையடிவாரத்தில் அகுவாஸ் காலியென்டெஸ் ஊரில் அடுத்த நாளுக்கான டிக்கெட்டில் ஒரு பகுதியை நேரில் விற்கிறார்கள். வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும், சர்க்யூட் உங்கள் விருப்பப்படி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ஊர் சுற்றும் இளைஞர்களுக்கு அது சரி, குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சரிப்படாது.

ரயில் ஒயாந்தாய்தம்போவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். சிறு பைதான் அனுமதி. பெரிய பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாம், கேட்டால் வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் அதோடு வைத்துவிடாதீர்கள், வாசலில் பெயரோடு ஒத்துப் பார்க்கிறார்கள். அடிவாரத்தில் ஓர் இரவு தங்கிக் காலையில் ஏறுவது நல்லது. நான்கு நாள் நடந்தே மச்சு பிச்சு போய்ச் சேரும் இன்கா பாதை என்றால் அது வேறு. உரிமம் பெற்ற நிறுவனத்தோடு மட்டுமே போகலாம், சுமை தூக்குபவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான், பிப்ரவரியில் மூடிவிடுவார்கள்.

குஸ்கோவைச் சுற்றியுள்ள சாக்சாய்வமான், பிசாக், சின்செரோ, மோராய், ஒயாந்தாய்தம்போ முதலிய பழைய இன்கா இடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 130 சோலுக்கு (சோல் பெருவின் நாணயம்) ஒரு கூட்டு டிக்கெட் உண்டு, 10 நாள் செல்லும். மச்சு பிச்சுவும் மாராஸ் உப்புப் பாத்திகளும் அதில் சேராது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், வெங்காயம் பூண்டு உண்டு. மூன்று வாரம் பட்டினியா?

உருளைக்கிழங்கின் தாய்நாட்டுக்குப் போய்ப் பட்டினி கிடக்க முடியாது. டிட்டிகாக்கா சுற்றுவட்டாரத்தில்தான் அதை முதலில் பயிரிட்டார்கள், இன்றும் ஆயிரக்கணக்கான வகை. சந்தையில் ஊதா, மஞ்சள், கறுப்பு என்று குவித்து வைத்திருப்பார்கள். சிரமம் சூப்பில்தான். காய்கறி சூப் என்று வருவதும் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த தண்ணீர்தான். மதியச் சாப்பாட்டுக் கடைகளில் சூப்பும் சேர்ந்தே வரும், அதைத் தள்ளி வைத்துவிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி வேண்டாம், மீன் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் போய்யோ, சின் பெஸ்காதோ’. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டினாலும் போதும்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது சோக்லோ. பள்ளத்தாக்கின் சாலையோரத்தில் பாட்டிமார் பெரிய பானையில் சோளம் அவித்துக்கொண்டிருப்பார்கள். மணி ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. மடலோடு எடுத்து, பக்கத்தில் ஒரு கனத்த வெள்ளைப் பாலாடைக்கட்டித் துண்டு வைத்துத் தருவார்கள். மிளகாய்ச் சாறு கேட்டால் கிடைக்கும். ரொகோத்தோ மிளகாயைக் குறைத்து எடைபோடாதீர்கள், நம் நாக்குக்கே உறைக்கும். அரெகிப்பாவில் சோல்தெரித்தோ கேளுங்கள், அவரை விதை, சோளம், பாலாடைக்கட்டி, வெங்காயம் போட்ட சாலட். பாலாடைக்கட்டிக் குழம்பை உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் தரும் வாங்கயினாவில் அவித்த முட்டையும் இருக்கும், முட்டை ஆகாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோறு இல்லாமல் முடியாது என்கிற நாளில் சீனச் சமையல் கடைகள் இருக்கின்றன. சிஃபா என்று பலகை இருக்கும், சிற்றூரிலும் ஒன்றாவது உண்டு. காய்கறி மட்டும் போட்ட வறுத்த சோறு செய்து தருவார்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவதில் வெட்கம் என்ன இருக்கிறது?

கேள்வி: இரவுப் பேருந்து பாதுகாப்பா? போராட்டம், சாலை மறியல் என்கிறார்களே?

பெரிய நிறுவனங்களின் பேருந்துகள் நன்றாகவே இருக்கின்றன. ஏறக்குறையப் படுக்கையாகச் சாயும் இருக்கை, ஏறும் முன் பை சோதனை எல்லாம் உண்டு. பணம், பாஸ்போர்ட், போனை மேல்தட்டில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பல நிலையங்களில் டிக்கெட்டோடு சேராத சிறு நிலைய வரி உண்டு. தனிக் கவுன்ட்டரில் சில சோல் கட்டி வில்லை ஒட்டிக்கொண்டு வந்தால்தான் வண்டிக்கு விடுவார்கள், சில்லறை வைத்திருங்கள். பேருந்து கிளம்பும் நேரத்தில் இதற்காக ஓடுகிறவர்களை எப்போதும் பார்க்கலாம். மலைச்சாலையை முடிந்தவரை பகலில் கடப்பதே என் வழக்கம். சிவாயிலிருந்து பூனோ, பூனோவிலிருந்து குஸ்கோ இரண்டுமே ஆறேழு மணி நேரத்தில் முடியும் பகல் பயணங்கள்.

மறியல் உண்மைதான். 2023 ஜனவரியில் மச்சு பிச்சுவையே மூடி, பிப்ரவரி நடுவில்தான் திறந்தார்கள். அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: மச்சு பிச்சுவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு குஸ்கோவில் குறைந்தது இரண்டு இரவு இருக்கட்டும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே லிமாவுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. பணம் டாலராகக் கொண்டுபோகலாமா?

எண்களும் விலை கேட்பதும் கற்றுக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு போனில் மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் ஓடும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டாலர் மாற்றலாம், ஆனால் ஓரத்தில் நூலளவு கிழிந்திருந்தாலும் நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். வாங்கும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: உயரத்துக்குக் கோக்கா இலைத் தேநீர் நல்லது என்கிறார்கள். உறவினர்களுக்கும் ஒரு பெட்டி வாங்கி வரலாமா?

அங்கே குடிக்கலாம். சட்டப்படி சரிதான், விடுதி வரவேற்பறையிலேயே இலையும் வெந்நீரும் வைத்திருப்பார்கள். கொஞ்சம் தெம்பாக இருக்கும், மாத்திரைக்கு மாற்று என்று நினைக்க வேண்டாம். வேலை இடத்தில் போதைப்பொருள் பரிசோதனை உண்டு என்றால் அதையும் தவிர்த்துவிடுங்கள், சோதனையில் காட்டும். ஊருக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் அடங்கும், தேநீர்ப் பை என்றாலும் இலை இலைதான். உறவினர்களுக்குப் பெருவின் சாக்லேட் வாங்குங்கள், அது நன்றாகவே இருக்கும்.