பார்வை தெளிவு, ஆனாலும் எரிச்சல்

கேள்வி: வயது 27. மைனஸ் 5 பவருக்காக எட்டு மாதம் முன்பு லேசிக் செய்துகொண்டேன். பார்வை 6/6. ஆனால் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் எரிகிறது. "கண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் கருவிழியைப் படம் எடுத்துப் பார்ப்போம்" என்கிறார் டாக்டர். சதையை வெட்டி எடுப்பார்களா? அடுத்த மாதம் லேசிக் செய்யவிருக்கும் என் தங்கைக்கும் இது தேவையா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வெட்டவெல்லாம் மாட்டார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஜெல் தடவிய சிறு முனையைக் கருவிழியில் மெல்லத் தொடவைப்பார்கள். கண்ணை உருட்டாமல் சில நிமிடம் நேராகப் பார்த்தால் போதும்.

திரையில் வருவது 0.4 மி.மீ. சதுரம்தான். கருவிழியின் பருமனே அரை மி.மீ. சொச்சம். வெங்காயத்தை ஏடு ஏடாக உரிப்பதுபோல ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்திப் படம் எடுக்கலாம், கத்தி இல்லாமல். மேலே செல்கள் தேனடைபோல நெருங்கியிருக்கும். சுமார் 50 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) இறங்கினால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை நூல்கள் ஓடும். நரம்புகள் அவை. லேசிக்கில் 100 மைக்ரான் சொச்சம் ஆழத்தில் ஃபிளாப், அதாவது கருவிழியின் மேல் ஏட்டை மூடிபோல அறுத்துத் தூக்கும்போது அங்கே வரும் நரம்புகளில் பெரும்பாலானவை அறுபட்டுவிடும். முதல் சில வாரங்களில் படம் எடுத்தால் அந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும். அப்புறம் மெலிந்த, கோணல்மாணலான இழைகள் தலைகாட்டும். பழைய அடர்த்தி திரும்ப ஆண்டுக்கணக்கில் ஆகும். எட்டு மாதம் போதாது.

கண் காய்ந்தால் நீர் சுரக்கவும் இமைக்கவும் சொல்லியனுப்புவது இந்த நரம்புகள்தான். சிலருக்கு அறுபட்ட நுனி முடிச்சுப்போல வளர்ந்துவிடும். ஈரம் இருந்தும் எரியும். உங்கள் டாக்டர் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நரம்பு குறைந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. அதனால் மரத்துப்போகும் சொட்டு விட்டதும் எரிச்சல் நின்றதா, அப்படியே இருந்ததா என்று மறக்காமல் சொல்லுங்கள். நின்றால் கோளாறு கருவிழியின் மேற்பரப்பில். அப்படியானால் உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் சீரம் சொட்டு பலன் தரலாம். சுகமாக இருக்கிறதே என்று மரத்துப்போகும் சொட்டை மட்டும் வீட்டுக்கு வாங்கிப் போய்விடாதீர்கள், கருவிழி புண்ணாகிவிடும்.

தங்கைக்கு, குடும்பத்தில் யாருக்கும் கருவிழியில் பரம்பரைப் படிவு நோய் இல்லையென்றால், இந்தப் படம் வேண்டியதில்லை. அவருக்குக் கட்டாயம் வேண்டியது கருவிழியின் வளைவையும் பருமனையும் அளக்கும் டோமோகிராஃபி. கருவிழி கூம்பிவரும் நோயின் தொடக்கம் அதில்தான் பிடிபடும். கணக்கையும் கேளுங்கள்: பருமன் 520 மைக்ரான், ஃபிளாப் 110, மைனஸ் 5-க்கு லேசர் கரைப்பது சுமார் 75 என்றால் மிச்சம் 335. இது 250-க்குக் கீழே போகவே கூடாது. 300-க்குக் குறைந்தாலே நான் தயங்குவேன். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரென்றால், அளவெடுக்க ஓரிரு வாரம் முன்பே கழற்றிவிடச் சொல்லுங்கள். லென்ஸ் அழுத்திய கருவிழியில் வளைவு தப்பாகக் காட்டும்.