சிலேட்டும் முழங்கையும்

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. இரண்டு வருடமாக ஒரு நாவலின் முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகிவிடுகிறது. உட்கார்ந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. பெரிய படைப்பாளிகள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எப்படி வேலை செய்தார்கள் என்று நிறையப் படித்துக் குறித்தும் வைத்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு எழுவதா, இரவில் எழுதுவதா? உங்கள் அன்றாட அட்டவணை என்ன? ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அப்பாவின் மருந்துச் செலவை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள தம்பி,

நாலு மணியோ இரவோ, உங்களுக்குத் தூக்கம் வராத நேரம் எதுவோ அது. போனை அடுத்த அறையில் வையுங்கள். என் அட்டவணையைச் சொல்வதாக இல்லை. சொன்னால் அதையும் குறித்துவைத்துக்கொள்வீர்கள். ஊரில் உள்ளவர்கள் எழுந்த நேரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது, இரண்டாம் அத்தியாயம்தான் இல்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொரு எரிச்சலில் இருந்தேன். போன வாரம் ஒரு பள்ளி விழாவில் பேச்சாளர் ஒருவர் கணித மேதை ராமானுஜனைப் பற்றிப் பேசினார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள், பையன் எழுந்து எழுதினான். அவ்வளவுதான் பேச்சு. அரங்கமே கைதட்டியது. ராமானுஜன் அப்படி நம்பினார். அது அவர் பக்தி, அதில் எனக்கு வழக்கில்லை. நமக்கு ஏன் அந்தப் பாதி மட்டும் இவ்வளவு இனிக்கிறது? கனவில்தான் வரும் என்றால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. நமக்கு வரவில்லை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம்.

மீதிப் பாதி கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருத் திண்ணையில் இருக்கிறது. மடியில் ஒரு சிலேட்டு. காகிதம் வாங்கக் காசில்லை. எழுதுவார், அழிப்பார், எழுதுவார். துணி எடுத்துத் துடைத்தால் நேரமாகிறது, யோசனை அறுந்துபோகிறது. அதனால் முழங்கையாலேயே அழிப்பார். அந்த முழங்கை கறுத்துக் காய்த்துப்போயிருந்ததைப் பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு முடிந்து விடை நின்றால் அந்த விடை மட்டும் நோட்டுக்குப் போகும். 16 வயது வாக்கில் அவர் கையில் கிடைத்தது, கார் என்பவர் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்த ஒரு கையேடு. சுமார் 5000 தேற்றங்கள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்த பையன் அவர். கல்லூரிப் பரீட்சையில் தோற்றார், உதவித்தொகை போனது, சிலேட்டு போகவில்லை.

இதில் நட்டமும் உண்டு. முழங்கை அழித்த படிகள் அழிந்தவைதான். புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1977-இல் அந்த நோட்டுகளோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் தேடி, ஐந்து தொகுதிகளில் கடைசித் தொகுதி வெளிவந்தபோது 1998. அத்தனை வருட வேலையை அந்த நோட்டுகள் கேட்டன. கைதட்டிய அந்தப் பிள்ளைகளிடம் யாராவது அந்த முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, உங்கள் பக்கம் வருகிறேன். கவனம் என்றால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் காரியம் என்று நினைக்கிறீர்கள். இளம் வயதில் நான் ஈரோட்டில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். கார்பன் தாள் வைத்து அழுத்தி ரசீது எழுதி விரல் நீலமாகிவிடும். அங்கே ஒரு லோடுமேன் இருந்தார், வயதானவர். ஜமக்காளக் கட்டைத் தோளில் ஏற்றியதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். “எழுதின எடை இல்லீங்க தம்பி, நாலு கிலோவாச்சும் கூட இருக்கும்.” தராசில் போட்டால் இருக்கும். வாடகையை மிச்சம் பிடிக்க எடையைக் குறைத்துப் போடுகிறவர்களை அவர் தோள்தான் பிடித்துக்கொடுத்தது. அத்தனைக்கும் மூட்டை ஏற்றும்போது வாய் பாட்டுக்கு முந்தின நாள் பார்த்த சினிமாவைப் பேசிக்கொண்டே இருக்கும். கவனமாக இருக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை. தினம் அதே கட்டு, அதே தோள். நாலு கிலோ வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை.

ஒவ்வொரு எண்ணும் ராமானுஜனுக்குச் சொந்த நண்பன் என்று கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் லிட்டில்வுட் சொன்னதும் இந்தக் கணக்கில்தான் வரும் என்பேன். பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி தன் டாக்சி எண் 1729 என்றதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே சொன்ன கதையைக் கேட்டு வாய்பிளக்கிறோம். தினம் பழகியவனை வழியில் பார்த்தால் அடையாளம் தெரியாதா?

நீங்கள் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் ஐயா! எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறவர் பேனாவை வாங்கியதும் யார் முகத்தைப் பார்க்கிறார், கடன் வாங்குகிறவன் முகத்தையா, கூட வந்த தன் மனைவியின் முகத்தையா? மறுக்கப்பட்ட மனுவைத் திருப்பி வாங்குகிறவர் அதை மடித்து வைப்பாரா, சுருட்டி வைப்பாரா? தினம் நடக்கிறது, உங்கள் மேசைக்கு அந்தப் பக்கம். இரண்டு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், முழுதும் படித்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த மேசையிலிருந்து ஒரு வரி அதில் இல்லை. மேசைக்கு வெளியே எங்கேயோ வாழ்க்கை நடப்பதாக நினைத்து, நேரம் திருடு போய்விட்டது என்று புகார் எழுதுகிறீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். எட்டரைக்கு வீடு வந்து, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் நோட்டைத் திறக்கிறீர்களே, அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

விடுப்பு விஷயம். வேலையில்லாமல் நாள் முழுவதும் கணக்குப் போட்ட வருடங்கள் ராமானுஜனுக்கும் இருந்தன. அப்போது நண்பர்கள் தயவில் சாப்பிட்டார். உடம்பும் கெட்டது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது சோற்றுக்காகத்தான். வறுமை மேதையை வளர்த்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 32 வயதில் போய்விட்டார் அவர். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் அவர் ஆபீசை விட்டார். கொடுக்க ஆள் வந்த பிறகு. உங்களுக்கு அப்படி யாரும் வந்திருப்பதாகக் கடிதத்தில் இல்லை.

ஆகவே விடுப்பு எடுக்காதீர்கள். மருந்துக்கடைப் பாக்கியோடு உட்கார்ந்து யாருக்கும் இரண்டாம் அத்தியாயம் வராது. மாதக் கடைசியில் வங்கியில் வேலை கழுத்தை நெரிக்கும், அந்த நாட்களில் நாலு வரி எழுதினால் போதும், பிடிக்கவில்லையா, அழித்துவிடுங்கள். முதல் அத்தியாயத்தை இப்போது எனக்கு அனுப்ப வேண்டாம். கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், பொங்கல் வரை எதையும் படிக்கக்கூடாதாம். உங்கள் கடிதத்தையே மகள்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்காட்டினாள்.