காங் கம்-சான் செய்தது வெறும் தந்திரமா?

கேள்வி: இடைக்காலக் கொரியத் தளபதி காங் கம்-சான் ஆற்றை அடைத்து வைத்து, எதிரிகள் கடக்கும்போது திறந்துவிட்டு, ஒரு லட்சம் பேரை மூழ்கடித்தார் என்று படித்தேன். தந்திரத்தால் ஜெயித்தவரை மாவீரர் என்று கொண்டாடலாமா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: நீங்கள் படித்த கதை இரண்டு சண்டைகளைப் போட்டுக் குழப்பியிருக்கிறது. 1018-19 குளிர்காலத்தில், வடக்கே இருந்த லியாவ் பேரரசின் படை (கிதான் இனத்தவர்) கோரியோ என்ற அன்றைய கொரிய நாட்டுக்குள் புகுந்தது. எல்லையில் ஹுங்வாஜின் அருகே காங் கம்-சானின் ஆட்கள் மாட்டுத் தோல்களைப் பெரிய கயிற்றில் கோத்து ஆற்றை மறித்தார்கள். கிதான் படை ஆற்றில் இறங்கியதும் தண்ணீரைத் திறந்துவிட, மலையடிவாரத்தில் பதுங்கியிருந்த 12,000 குதிரைவீரர்கள் பாய்ந்தார்கள். பலத்த அடிதான். ஆனால் அதோடு படை அழிந்துவிடவில்லை. கிதான் தளபதி சியாவ் பையா பின்வாங்காமல் நேரே தலைநகர் கேக்யோங்கை நோக்கிப் போனார். அங்கே ஊருக்கு வெளியே ஒரு பிடி தானியம்கூடக் கிடைக்காதபடி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, மக்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார் மன்னர் ஹியோன்ஜோங். சியாவ் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

அந்தத் திரும்பும் வழியில், 1019-ல், க்விஜு ஊருக்கு வெளியே நடந்ததுதான் தீர்மானமான போர். அணையும் இல்லை, வெள்ளமும் இல்லை. வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதினார்கள். யார் கை ஓங்குகிறது என்று தெரியாமல் நீண்ட சண்டையில், கோரியோ தளபதி கிம் ஜோங்-ஹ்யோனின் படை காங் கம்-சானின் உதவிக்கு வந்து சேர்ந்தது. தெற்கிலிருந்து மழையும் காற்றும் எழுந்து கொடிகள் எதிரி இருந்த வடக்குப் பக்கம் பறந்தன என்கிறது கொரிய வரலாற்றுக் குறிப்பு. படையெடுத்து வந்த ஒரு லட்சம் கிதான் வீரர்களில் சில ஆயிரம் பேர்தான் ஊர் திரும்பினார்கள். அப்போது காங் கம்-சானுக்கு எழுபது வயதுக்கு மேல்! அவர் வாள் பிடித்து வளர்ந்தவரும் இல்லை. 983-ல் அரசுத் தேர்வில் முதலிடம் பெற்று வந்த அதிகாரி. குள்ளம், அழகில்லாத முகம், அழுக்கும் கிழிசலுமான உடை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவருடைய அறிவைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றங்கரையை விட்டுவிட்டு 1010-க்குப் போங்கள். அந்த ஆண்டு லியாவ் பேரரசரே படையோடு வந்தார். எதிர்த்து நின்ற கோரியோ தளபதி காங் ஜோ முதலில் சில மோதல்களில் ஜெயித்தார். அப்புறம் எதிரியைத் துச்சமாக நினைத்து, பாளையத்தில் பலகை விளையாட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பிடிபட்டார். அரண்மனையில் பலரும் சரணடையலாம் என்றார்கள். காங் கம்-சான் ஒருவர்தான், “இப்போது சமாளிக்க முடியாது, விலகிப் போய், மெல்ல மீளும் வழியைப் பார்ப்போம்” என்ற பொருளில் பேசினார். மன்னர் தெற்கே நாஜு வரை ஓடினார். கிதான்கள் தலைநகரைக் கொளுத்தினார்கள். அரசு மட்டும் பிழைத்தது.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஓடச் சொன்னவன்’ என்ற பழி காலத்துக்கும் நிற்கும். அந்த ஆலோசனை இல்லையென்றால் 1018-ல் இரண்டு லட்சம் பேரைத் திரட்ட ஒரு மன்னர் இருந்திருக்க மாட்டார். தந்திரம் என்று நீங்கள் ஒதுக்குவதை நான் பொறுப்பு என்பேன். எதிரி தெம்பாக இருக்கும்போது விலகச் சொன்னவரும், களைத்துத் திரும்பும்போது வெட்டவெளியில் மறித்தவரும் ஒரே மனிதர்தான். அவரை மாவீரர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

வெற்றிக்குப் பின் மன்னரே எதிர்கொண்டு வந்து, அவர் தலையில் எட்டுப் பொற்பூக்களைச் சூட்டினார். காங் கம்-சானோ ஓய்வு கேட்டார். தலைநகரைச் சுற்றி வெளிமதில் வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவர்தான். அந்த மதில் 1029-ல் முடிந்தது, அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்.