பத்துக் கையெழுத்து

அன்புள்ள அக்கா,

எங்கள் தொகுதியில் 25 வருடமாக ஒரே எம்.எல்.ஏ. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கல்யாணம், காதுகுத்து, எழவு எதற்கும் தவறாமல் வந்துவிடுவார். ஆனால் ஏரி தூர்ந்து கிடக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். நாங்கள் 40 பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத் திண்ணையில் கூடிப் பேசுகிறோம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தலாம் என்கிறார்கள் பாதிப் பேர். ஓட்டுப் பிரிந்து இவரைவிட மோசமான ஆள் உள்ளே வந்துவிடுவார், டெபாசிட் போய் ஊரே சிரிக்கும் என்கிறார்கள் மீதிப் பேர். போன வாரம் ஒரு பெரியவர், "காமராசரையே தோற்கடித்த பாவத்தை இன்னும் சுமக்கிறோம். நல்லது கெட்டதுக்கு வந்து நின்ற மனுசனை எதிர்ப்பது நன்றிகெட்டதனம்" என்றார். அதோடு கூட்டம் கலைந்துவிட்டது. நிறுத்தலாமா, வேண்டாமா?

க. (ஊர்ப் பெயர் வேண்டாம் அக்கா)

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தப்பா தவறி 1 மாதம் ஆகிறது. அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரம், ரசீது, பழைய ரேஷன் கார்டு என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தோம். அடியில், நாலாக மடித்த ஒரு செலான். மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது, தொகை மட்டும் தெரிகிறது: ரூ. 250. சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்டிய டெபாசிட். அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

ஓட்டுப் பிரிவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டு ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாக இருந்தால்தான் அதை இன்னொருவர் பிரிக்க முடியும். உங்கள் ஓட்டு உங்களுடையது. இதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

காமராசர் பேச்சுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு. 1967-ல் விருதுநகரில் அவர் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அந்த வருத்தம் தமிழ்நாட்டில் பலருக்கு இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான். ஆனால் அந்த வருத்தத்தை எடுத்து, இன்றைக்குப் பதவியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் குடையாகப் பிடிக்கிறார்களே, அது நியாயமா? அந்த மனிதர் என்ன செய்தார்? 9 வருடத்துக்கு மேல் முதலமைச்சராக இருந்துவிட்டு, 1963 அக்டோபர் 2 அன்று, யாரும் போகச் சொல்லாமல், கட்சி வேலை பார்க்கப் போகிறேன் என்று தானாகவே நாற்காலியை விட்டு இறங்கினார். தோற்ற பிறகு 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரை 1 இலட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பினார்கள். தானாக எழுந்து போனவரைச் சொல்லி எழுந்திருக்காதவருக்கு வக்காலத்து வாங்கலாமா? அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். 40 பேர் இருந்தும் ஒருவருக்கும் வாய் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். படித்த பிள்ளைகள், வெட்கமாக இல்லையா?

நீண்ட நாள் இருப்பது குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் சாங்கோலா தொகுதியில் கணபத்ராவ் தேஷ்முக் 11 முறை ஜெயித்தார். பெரிய கட்சி எதுவும் இல்லை அவருக்கு. ஆனால் அதே மக்கள் நடுவில் 1972-லும் 1995-லும் அவரைத் தோற்கடித்தார்கள், அப்புறம் மறுபடி அனுப்பினார்கள். இதில் நன்றிகெட்டதனம் எங்கே வந்தது? காதுகுத்துக்கு வந்தவருக்குப் பந்தியில் முதல் இலை போடுங்கள். அதுதான் அந்த நன்றிக்கு உரிய இடம். ஓட்டு வேறு கணக்கு.

சரி, செலானுக்கு வருகிறேன்.

1996-ல் ஈரோட்டுக்குப் பக்கத்தில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். விவசாயிகளின் குறை யார் காதிலும் ஏறவில்லை, வேட்பாளராகவே நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று முடிவெடுத்து நின்றவர்கள் அவர்களில் பெரும்பாலோர். சித்தப்பா அதில் ஒருவர். வாக்குச்சீட்டை ஒரு புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. அவருடையது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர். வாக்குச்சாவடிக்குப் போகும்முன் சித்தியிடம் எத்தனையாவது பக்கம், மேலிருந்து எத்தனையாவது வரி என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

எண்ணி முடித்தபோது சித்தப்பாவுக்கு விழுந்தது 1 ஓட்டு.

அன்று ராத்திரி நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பா மாட்டுக்குத் தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். சித்தி உள்ளேயிருந்து வந்து, "எத்தன நேரம் பொரட்டறது? பின்னால ஆளுக நிக்கறாங்க. கண்ணுல பட்ட சின்னத்துல குத்திப்போட்டு வந்துட்டேன்" என்றார். சித்தப்பா தலையை நிமிர்த்தாமல், "சரி, போ, சோத்தப் போடு" என்றார். அவ்வளவுதான். தெருவில் யாரும் சிரிக்கவில்லை தம்பி. டெபாசிட் போன வீடு தெருவுக்கு நாலு இருந்தது.

அதே தேர்தலில் ஆந்திரத்தில் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன ஊர்கள் அவை. இந்த இரண்டு ஊர் மக்களும் சொன்னதற்கு அரசு என்ன பதில் சொன்னது தெரியுமா? அதே 1996-ல் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். 2010-ல் அது 10,000 ஆனது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. அன்று மொடக்குறிச்சியில் அத்தனை பேரும் சேர்ந்து கட்டியது இரண்டரை இலட்சத்துச் சொச்சம். இன்று அதே 1,033 பேர் நிற்க வேண்டுமானால் 1 கோடிக்கு மேல் வேண்டும். விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கத்தான் இது என்பார்கள். என் சித்தப்பா விளையாடவில்லை. மாடு விற்ற காசில் 250 ரூபாய் எடுத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கட்டினார். ஆயிரம் பேர் வாசலில் வந்து நின்று முறையிட்டால், என்ன குறை என்று கேட்பதுதானே வழக்கம்? வாசலை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். கோடிகளில் செலவழிக்கிறவருக்குப் பத்தாயிரம் ஒரு வேளை டீச் செலவு. தடை என்பது தலைமை ஆசிரியருக்கு மட்டும்தான்.

அந்தத் திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. முன்பு ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். இப்போது சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு இன்றும் 1 ஆள் போதும். 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு எதனால் தள்ளுபடி ஆனது, ஞாபகம் இருக்கிறதா? முன்மொழிந்த 10 பேரில் 2 பேர், அது எங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சினிமா நடிகருக்கே அந்தக் கதி.

நிறுத்தலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திண்ணையில் வையுங்கள். 40 பேரில், எம்.எல்.ஏ. பார்ப்பார் என்று தெரிந்தே பெயரெழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 10 தேறினால் நிறுத்துங்கள். 9 என்றால் வேண்டாம், அந்த 9 பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர் கேட்டு அவருக்கு ஒரு மனு எழுதுங்கள். 25 வருடத்தில் எழுத்தில் ஒரு கேள்வியாவது அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பெட்டியை மூடும்போது சித்தியிடம் கேட்டேன், அன்றைக்குச் சித்தப்பாவை முன்மொழிந்தது யார் என்று. "நாந்தான்" என்றார். எனக்கு இத்தனை வருடம் தெரியாது. பயமாக இல்லையா என்றேன். "எம்பட பேரத்தான கண்ணு எழுதுனேன்" என்றார்.

கையெழுத்துப் போடுகிறவர்களின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் புதிய வாக்காளர் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலை நம்ப வேண்டாம். 12 பேராகச் சேர்த்து இன்னொரு மனுவும் தயாராக இருக்கட்டும். ஒரே வேட்பாளருக்கு 4 மனு வரை கொடுக்கலாம். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும்.

அன்புடன்,
அக்கா