கழிமுக மீன்களின் உணவை அறிய வயிற்றைத் திறந்து பார்த்தால் போதாதா, நிலை ஐசோடோப்பு ஆய்வு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட, கதிரியக்கமற்ற அணு வகைகளின் விகிதத்தை அளப்பது) எதற்கு?

வயிற்றைத் திறந்து பார்ப்பது அவசியம்தான். ஆனால் மீன் கடைசியாக விழுங்கியது எது என்பதை மட்டுமே அது காட்டும். விழுங்கியதில் எது செரித்து உடலாயிற்று என்பதைச் சொல்லாது. இறாலின் குடலிலோ பெரும்பாலும் அடையாளம் தெரியாத கூழே கிடைக்கும். தசையிலுள்ள ஐசோடோப்பு விகிதம், அந்த உயிர் கடந்த சில வாரங்களாகவோ மாதங்களாகவோ எதை உண்டு வளர்ந்தது என்பதற்குச் சான்றாகிறது.

கார்பன்-13 விகிதம் உண்ணப்பட்டதிலிருந்து உண்ணும் உயிருக்குச் செல்லும்போது மிகக் குறைவாகவே மாறுவதால், உணவின் மூலத்தை அதைக்கொண்டு அறிகிறோம். நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 அளவு கூடுவதால், உணவு வலையில் அந்த உயிரின் இடம் தெரிகிறது.

இருப்பினும் கழிமுகத்தில் கார்பனை மட்டும் நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. உப்புச் சதுப்பில் வளரும் ஸ்பார்ட்டினா புல்லின் கார்பன்-13 மதிப்பு (பொது அளவுகோல் ஒன்றிலிருந்து அதன் விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பது) சுமார் −13, ஆறு அடித்துவரும் மர இலைகளுடையது சுமார் −28, கடல் மிதவைப் பாசிகளுடையது சுமார் −21. புல்லையும் இலையையும் சரிபாதியாக உண்ட சிப்பியும் மிதவைப் பாசியை மட்டுமே உண்ட சிப்பியும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தரும். இந்த முடிச்சை அவிழ்ப்பது கந்தகம். கடல்நீரின் சல்பேட்டில் கந்தகம்-34 மதிப்பு சுமார் +21. மிதவைப் பாசிகள் அதையே எடுத்துக்கொள்கின்றன. சதுப்புச் சேற்றிலோ பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஒடுக்கி, கந்தகம்-34 குறைந்த சல்பைடை உண்டாக்குகின்றன. ஸ்பார்ட்டினாவின் வேர்கள் அதை உறிஞ்சுவதால் புல்லின் மதிப்பு வெகுவாகக் கீழிறங்கிவிடுகிறது. புரூஸ் பீட்டர்சன், ராபர்ட் ஹோவர்த், ராபர்ட் காரிட் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் கிரேட் சிப்பெவிசெட் சதுப்பில் கார்பன், நைட்ரஜன், கந்தகம் ஆகிய மூன்று தனிமங்களையும் சேர்த்து அளந்து, சதுப்பின் உட்பகுதிச் சிப்பிகள் ஸ்பார்ட்டினாவையும் கடல்வாய்க்கு அருகிலுள்ளவை மிதவைப் பாசிகளையும் அதிகம் சார்ந்திருப்பதைக் காட்டினார்கள். ஒரே இனம், ஒரே சதுப்பு, ஆனாலும் இடத்துக்கு இடம் உணவு வேறு! இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு இதுவே.

மீன்வளத்துறையில் இம்முறையைப் பயன்படுத்த விரும்புவோர் நைட்ரஜனிலும் விழிப்பாக இருக்க வேண்டும். நகரக் கழிவுநீர் கலக்கும் கழிமுகத்தில் பாசிகளின் நைட்ரஜன்-15 மதிப்பே உயர்ந்துவிடக்கூடும் என்பதால், பாசி தின்னும் மடவை கூட வேட்டையாடும் மீனைப்போலத் தோன்றலாம். ஆகவே மீன் பிடித்த அதே இடத்தில், நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகளையும் சேகரித்து, அவற்றின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டு மீனின் படிநிலையைக் கணக்கிட வேண்டும்.