பிளஸ் ஒன் சேர்க்கை: தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோரின் கேள்விகள்

பாலக்கோடு: பையன் பத்தாவதில் 462. பெரிய தனியார் பள்ளியில் பயோ-மேத்ஸ் கிடைக்குமா சார்?

மொத்தம் போதாது, கணக்கிலும் அறிவியலிலும் எவ்வளவு? முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்தது இடம். நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 50 என்று வையுங்கள்: 200. அங்கேயே பத்தாவது முடித்த 130 பேர் தொடர்ந்தால் வெளிப்பிள்ளைகளுக்கு 70தான். அதிலும் ரிசல்ட் வருமுன்னே, அரையாண்டு மார்க்கை வைத்துப் பதிவானவர்கள் இருப்பார்கள். ஆபீஸில் ‘சீட் இருக்கா’ என்று கேட்காதீர்கள். ‘போன வருஷம் வெளியிலிருந்து எத்தனை பேர், கடைசியாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கணக்கில் எவ்வளவு’ என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

அரூர்: ஒரு பள்ளி பேனரில் பிளஸ் டூவில் 550-க்கு மேல் 30 பேர், இன்னொன்றில் 12. முதலாவதுதானே நல்ல பள்ளி?

எழுதியது எத்தனை பேர்? 600 பேர் எழுதி 30 பேர் என்றால் நூற்றுக்கு ஐந்து. 80 பேர் எழுதி 12 பேர் என்றால் பதினைந்து. அந்த எண்ணை மட்டும் பேனரில் போட மாட்டார்கள்.

ஊத்தங்கரை: மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. டாக்டர் ஆசை. தனியார் ரெசிடென்ஷியல் பள்ளியில் சேர்க்கலாமா ஐயா?

அவசரப்படாதீர்கள். பிளஸ் ஒன்னுக்குத் தனியாருக்குப் போனால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாயும் கிடைக்காது.

காவேரிப்பட்டணம்: ஒதுக்கீடு இருந்து என்ன சார்? கோச்சிங் இல்லாமல் நீட்டில் மார்க் வருமா?

கோச்சிங் தேவைதான், மறுக்கவில்லை. அதற்குப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. மாவட்ட மாதிரிப் பள்ளியும் அரசுப் பள்ளிதான், அங்கே முயலுங்கள். இல்லையென்றால் பிளஸ் டூ முடித்து நீட்டை மறுபடி எழுத ஒரு வருஷம் ரிப்பீட்டர் கோச்சிங் போகட்டும், ஒதுக்கீடு கையிலேயே இருக்கும். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணமும் அரசே கட்டுகிறது.

மொரப்பூர்: எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பள்ளி?

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சேராது.

பர்கூர்: பையன் எட்டாவது வரை தனியார், பிறகு அரசுப் பள்ளி.

ஆர்.டி.இ.-யில், அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் படித்து, 9 முதல் 12 அரசுப் பள்ளி என்றால் உண்டு. ஃபீஸ் கட்டிப் படித்திருந்தால் இல்லை. இதையே இனி யாரும் கேட்காதீர்கள்.

ஓசூர்: பிளஸ் ஒன் பாடமே நடத்தாத பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதனால் நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவும் ஆசை பள்ளிகளுக்கு வரும். நீட்டிலோ இரண்டு வருஷப் பாடமும் உண்டு. அங்கே படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளையின் இயற்பியல் நோட்டை நவம்பரில் வாங்கிப் பாருங்கள். இயக்கவியல் இருக்க வேண்டிய இடத்தில் நிலை மின்னியல் இருந்தால், அது பிளஸ் டூவின் முதல் பாடம். அந்தப் பள்ளி வேண்டாம்.

பென்னாகரம்: மத்திய அரசின் நவோதயா பள்ளி?

தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.

மத்தூர்: ஃபீஸ் பாக்கி என்று டி.சி. தர மறுக்கிறார்கள்.

பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது. எழுத்தில் கேளுங்கள், நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். கட்டியதற்கு ரசீது இருக்கிறதா?